கச்சேரி இருந்த ஊர்கள்: பவானி முதல் ஊட்டி வரை

வெள்ளி, பவானி

1799-ல் திப்பு வீழ்ந்ததும் கொங்குச் சீமை கும்பெனியார் கைக்கு வந்தது. சேலம் பக்கம் அதற்கு முன்பே, 1792-லேயே போய்விட்டது. வந்த கையோடு கோயமுத்தூர் தலைநகராகிவிடவில்லை. சீமையை வடக்கு, தெற்கு என்று இரண்டாக வகுத்து, வடக்குக்குப் பவானியிலும் தெற்குக்குத் தாராபுரத்திலும் கச்சேரி, அதாவது கலெக்டர் ஆபீஸ், வைத்தார்கள். 1804-ல்தான் இரண்டும் ஒரே ஜில்லாவாகி, கலெக்டர் கோயமுத்தூரில் உட்கார்ந்தார். பிறகு அதே ஜில்லாவின் மலை உச்சியில் ஊட்டி முளைத்து, மெட்ராஸ் ராஜதானிக்கே கோடைத் தலைநகரானது. இந்த வரிசையில் ஊர் ஊராகப் போய், அந்தக் காலத்துக் கட்டடங்கள் என்ன கதியில் இருக்கின்றன, யார் பழுது பார்க்கிறார்கள், எதை வைத்துப் பூசுகிறார்கள் என்று பார்ப்பதுதான் திட்டம். அன்றைக்குப் பார்த்ததை அன்று ராத்திரியே எழுதிப் போடுகிறேன்.

கூட வருவது மச்சான். திருப்பூரில் கட்டட வேலை எடுத்துச் செய்பவர். பனியன் கம்பெனி ஷெட், புது வீடு, காம்பவுண்டுச் சுவர் என்று வருஷம் பூராவும் சிமெண்டோடு கிடப்பவர். "இடிஞ்சதப் பாக்கறதுக்கு எதுக்குங்க மாப்பிள்ளை அவ்வளவு தூரம்? நம்ம சைட்டுலயே வேண்டிய மட்டும் இருக்குது" என்று சொல்லிக்கொண்டே காரை எடுத்தார்.

பவானியில் கலெக்டர் காலத்துச் சங்கதி கிடைப்பது சங்கமேஸ்வரர் கோயிலுக்குள்தான். வேதநாயகி அம்மனுக்கு ஒரு தந்தக் கட்டில் உண்டு. தொட்டில் என்றும் சொல்கிறார்கள். கொடுத்தவர் வில்லியம் கேரோ என்ற கலெக்டர். 1804 ஜனவரி 11 என்று தேதியிட்ட அவருடைய கையெழுத்து அதில் இருக்கிறது. கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும். அம்மனைப் பார்க்க ஆசைப்பட்டார் கேரோ. அந்நியர் என்பதால் உள்ளே விட முடியாது. அவர் வெளியே நின்றே பார்க்கட்டும் என்று மதில் சுவரில் துளை போட்டார்கள். அப்புறம் ஒரு மழை ராத்திரி, பங்களாவில் படுத்திருந்தவரை ஒரு சிறு பெண் வந்து எழுப்பி வெளியே கூட்டிப் போகிறாள். அவர் வெளியே வந்ததும் கூரை இடிந்து விழுகிறது. பெண்ணைக் காணோம். வந்தது அம்மன்தான் என்று கட்டில் செய்து கொடுத்தார்.

மதிலில் அந்த மூன்று துளைகளையும் பார்த்தோம். நான் துளை வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, மச்சான் வேறு யோசனையில் இருந்தார்.

"கூரை எப்படி விழுந்திருக்கும் சொல்லுங்க பாக்கலாம்."

"மழைதான்."

"மழை சும்மா பேஞ்சா விழாதுங்க. உத்திரத்தோட முனைய செவுத்துக்குள்ள பொதைச்சிருப்பாங்க. செவுத்துல ஈரம் ஏறுனா அந்த முனைதான் மொதல்ல உளுக்கும். நடுவுல தட்டிப் பார்த்தா மரம் கல்லு மாதிரி இருக்கும். முனை பொடியாயிருக்கும். கரையானும் அங்கதான் குடியிருக்கும். ஒரு நாள் அப்படியே உக்காந்துக்கும்."

பக்தி மாத்து குறைந்த பேச்சுதான். ஆனால் கும்பெனிக் காலக் கட்டடங்கள் இன்றைக்கும் சாவது அந்த இடத்தில்தான்: சுவரும் உத்திரமும் சேரும் இடம். கட்டி முடித்த நாளிலிருந்தே யாராவது ஏறி ஏறிப் பார்த்துக்கொண்டிருந்தால் பிழைக்கும். கேரோவின் பங்களாவை யாரும் ஏறிப் பார்க்கவில்லை போலிருக்கிறது. அம்மன்தான் பார்த்தாள்.

கூடுதுறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, ஜமக்காளக் கடை இரண்டில் ஏறி இறங்கி, மதியம் பள்ளிபாளையம் சிக்கனோடு சாப்பாட்டை முடித்துக்கொண்டு கோவைக்குக் கிளம்பினோம். அவினாசி தாண்டிய பிறகு டிராபிக் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது.

சனி, கோயமுத்தூர்

டவுன்ஹால் என்றால் கோவையில் பாதிப் பேருக்கு அது ஒரு பஸ் நிறுத்தம். துணி எடுக்க, பாத்திரம் வாங்க, கோனியம்மன் தேர் பார்க்கப் போகிற இடம். அந்தப் பெயருக்குக் காரணமான விக்டோரியா ஹால் அங்கேயேதான் நிற்கிறது. 1892-ல் கட்டியது. மாநகராட்சி அலுவலக வளாகத்துக்குள் இருக்கிறது, மாமன்றக் கூட்டம் இன்றைக்கும் அதில்தான் நடக்கிறது.

ராணி பேரை வைத்திருந்தாலும் இது வெள்ளைக்காரன் கட்டிக் கொடுத்த கட்டடம் அல்ல. இதற்குப் பின்னால் நின்றவர் சே.ப. நரசிம்மலு நாயுடு. சேலத்துக்காரர், கோவைக்கு வந்து பத்திரிகை நடத்தினார், பயண நூல்கள் எழுதினார், சிறுவாணித் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவர வேண்டும் என்று முதலில் குரல் கொடுத்தவர்களில் ஒருவர். ஊர் ஊராகப் போய் எழுதுகிற நமக்கெல்லாம் ஒரு வகையில் பாட்டனார். பொது மண்டபம் வேண்டும் என்று இங்கிருக்கிறவர்களிடம் பணம் திரட்டிக் கட்டி, அதற்கு ராணியின் பேரை வைத்தார்கள். அன்றைக்கு அனுமதி வாங்க அது ஒரு வழி.

இதற்கு முன்பே 1866-ல் கோவைக்கு நகராட்சி வந்துவிட்டது. முதல் தலைவர் ராபர்ட் ஸ்டேன்ஸ். காபிக்கொட்டை பதப்படுத்தும் தொழிலுக்காக வந்தவர், 1862-ல் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். 1888-ல் தொடங்கிய ஸ்டேன்ஸ் மில்தான் இந்த ஊரின் மில்களுக்கெல்லாம் மூத்தது. பஞ்சு மில் வராமல் இருந்திருந்தால் கோவை இன்னொரு தாலுகா ஊராகவே இருந்திருக்கும். அவ்வளவு வளமான கட்டடங்களும் எழும்பியிருக்காது.

ஹாலை வெளியே இருந்து ஒரு சுற்று சுற்றினோம். மச்சான் சுவரைப் பார்க்கிற விதமே வேறு. நான் வளைவையும் ஜன்னலையும் பார்க்கிறேன். அவர் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரைதான் பார்க்கிறார். "ஈரம் இவ்வளவுக்குத்தான் ஏறும். இந்த இடத்துல உப்புப் பூத்திருக்குதா, பூச்சு ஊதியிருக்குதா, அதைச் சொல்லுங்க. மேல இருக்கற டிசைனெல்லாம் அப்புறம்." சரி, இனிமேல் நானும் முழங்காலுக்குக் கீழேதான் பார்க்கப் போகிறேன்.

அங்கிருந்து நடை தூரத்தில் வெரைட்டி ஹால் ரோடு. ரயில்வே குமாஸ்தாவாக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுச் சலனப்படம் காட்டிவிட்டு, கடைசியில் சொந்த ஊரான கோவையில் நிரந்தரத் தியேட்டர் கட்டினார். அதுதான் வெரைட்டி ஹால். தென்னிந்தியாவின் முதல் நிரந்தரத் தியேட்டர்களில் ஒன்று. பிறகு டிலைட் என்று பேர் மாறி ஓடியது. ஜனங்கள் சாலைக்கு வைத்த பேர் மட்டும் பழையதே. பெரிய கடை வீதியில் 1867-ல் கட்டிய புனித மிக்கேல் பேராலயத்துக்குள் போனால் வெயில் சட்டென்று அடங்கிவிடுகிறது. சுவர் கனம் அப்படி.

மாலையில் காந்திபுரம் பக்கம் மத்தியச் சிறை. 1872-ல் கட்டியது. 1908-லிருந்து 1910 வரை வ.உ.சி. இதற்குள்தான் இருந்தார். மாட்டைப் பூட்டி ஓட்டவேண்டிய செக்கில் அவரைப் பூட்டி இழுக்க வைத்தார்கள். அந்தச் செக்கை இங்கே நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். சிறை நிலத்தின் ஒரு பகுதி இப்போது செம்மொழிப் பூங்கா. நாங்கள் மதிலோரமாக நடந்ததோடு சரி. கலெக்டர் பங்களாவையும் கிளப்பையும் பாரம்பரியம் என்று சொல்லிக் காப்பாற்றுகிற பட்டியலில் சிறையையும் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. கொங்கு நாட்டில் கும்பெனி ஆட்சி என்னவாக இருந்தது என்று கேட்டால், தீரன் சின்னமலையை 1805-ல் தூக்கில் போட்ட சங்ககிரிக் கோட்டையையும் இந்தச் சிறையையும் விட்டுவிட்டு எதைக் காட்டுவது?

ஞாயிறு

இன்றைக்கு அதிகம் ஓடவில்லை. காலையில் சந்தகை, தேங்காய்ப்பால். ரேஸ்கோர்ஸில் ஒரு சுற்று நடை, அங்கேயே 1872-ல் எழும்பிய ஆல் சோல்ஸ் சர்ச்சை வெளியிலிருந்து பார்த்தோம், பூசை நேரம் என்பதால் உள்ளே போகவில்லை. மதியத்துக்கு மேல் போத்தனூர். மெட்ராஸிலிருந்து மேற்குக் கரைக்குப் போட்ட ரயில் பாதை 1862-ல் போத்தனூர் வழியாகத்தான் போனது. கோவைக்கு ரயில் வர இன்னும் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப் பாதை போட்டபோது, 1873-ல், வழியில் கோவைக்கும் ஸ்டேஷன் கிடைத்தது. மலைக்குப் போகிற துரைமார் புண்ணியம்.

போகிற வழியில் ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தைப் பார்த்தோம். பேர் வேண்டாம். முன் தாழ்வாரத் தூண்களுக்கெல்லாம் குளியலறை டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். "கழுவறதுக்குச் சுலபம்" என்றார் காவலாளி. மச்சானே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திங்கள், ஒரு பங்களா

இந்தப் பயணத்தில் நான் ஆசையாகக் காத்திருந்த நாள். அவினாசி சாலையை விட்டு உள்ளே தள்ளி, பஞ்சு வியாபாரம் செய்த ஒரு குடும்பத்தின் பழைய பங்களா. சுண்ணாம்பு வேலை நடக்கிறது, வந்து பாருங்கள் என்று தெரிந்தவர் மூலம் சேதி வந்தது. வீட்டுக்காரர்கள் பேர் போட வேண்டாம் என்றார்கள்.

மொட்டை மாடி மெட்ராஸ் டெரஸ். அந்தக் காலத்தில் கான்கிரீட் இல்லை, கம்பியும் இல்லை. சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரம், அதன் மேல் குறுக்குச் சட்டங்கள். சட்டத்தின் மேல் பலகையே கிடையாது. மெல்லிய சின்னச் செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி, மூலைவாட்டமாக ஒன்றையொன்று நெருக்கிச் சுண்ணாம்பில் ஒட்டிக்கொண்டே போவார்கள். அது காய்ந்ததும் அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கனமான ஒரு தளம். அந்தத் தளத்தை அப்படியே விட மாட்டார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, மரக்கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்கள். அடிக்க அடிக்கக் கடுக்காய், வெல்லம் ஊறிய தண்ணீரைத் தெளிப்பார்கள். கட்டை பட்டுத் துள்ளி எழும்பினால்தான் தளம் இறுகிவிட்டது என்று அர்த்தம். மேலே தட்டோடு பதித்து முடிப்பார்கள்.

இந்த வீட்டில் நடந்தது என்னவென்றால், பல வருஷத்துக்கு முன்னால் ஓர் ஒழுகல். அதை அடைக்க மேலே இரண்டு அங்குலம் சிமெண்டு போட்டார்கள். அது விரிந்து ஒழுகியது. அதன் மேல் இன்னொரு முறை. தண்ணீர் விரிசல் வழியாக உள்ளே இறங்குகிறது, திரும்ப ஆவியாகி வெளியே போக வழியில்லை. பாரமும் ஏறிக்கொண்டே போகிறது. கடைசியில் பவானியில் மச்சான் சொன்ன அதே கதை: உத்திரத்தின் முனை பொடி.

மேஸ்திரிக்கு அறுபது வயதிருக்கும். அப்பா காலத்திலிருந்து கோயில் திருப்பணி வேலை. மச்சானும் அவரும் ஒரு ஐந்து நிமிஷம் ஒருவரை ஒருவர் எடை போட்டுக்கொண்டார்கள்.

"சிமெண்டு தப்புன்னு சொல்றீங்களா?"

"தப்புன்னு எங்கங்க சொன்னேன்? சிமெண்டுல கட்டுன வீட்டுக்குச் சிமெண்டு. இது சுண்ணாம்புல கட்டுன வீடு. இந்தச் செங்கல்லு மெதுவுங்க. ஈரத்தைக் குடிக்கும், வெயில் அடிச்சா விட்டுரும். மேல சிமெண்டைப் பூசி வழிய அடைச்சுப்போட்டீங்கன்னா, உப்பு உள்ளயே இருந்து செங்கல்லத் தின்னும். பூச்சு நல்லாத்தான் இருக்கும், பின்னாடி செங்கல் இருக்காது."

சொல்லிவிட்டுக் கொத்திய இடத்தைக் காட்டினார். உள்ளங்கை அகலத்துக்குச் சிமெண்டுப் பூச்சு பாளமாகக் கழன்று வந்தது, முழுசாக, உடையாமல். அதன் முதுகில் செங்கல் மாவு ஒட்டியிருந்தது. சுவரில் விரலை வைத்தால் சிவப்புத் தூள் உதிர்ந்தது. மச்சான் அந்தப் பாளத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

பின்கட்டில் சுண்ணாம்புக் குழி. சுட்ட கல்லைக் கொட்டித் தண்ணீர் விட்டால் கொதிக்கும், அப்புறம் அடங்கி வெண்ணெயாகக் கிடக்கும். மேலே எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும், காற்றுப் படக்கூடாது. எவ்வளவு நாள் ஊறுகிறதோ அவ்வளவு நல்லது. அவசரப்பட்டு எடுத்தால், நீறாத கல் துணுக்கு சுவரேறிய பிறகு நீறி, பூச்சை அங்கங்கே பொரித்துத் தள்ளும். பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் டிரம். ஒன்றில் இடித்த கடுக்காய், ஒன்றில் வெல்லம். ஊறிப் புளித்து, கள்ளுக்கடைப் பக்கம் போன மாதிரி ஒரு வாசம். வெல்லம் பிடிமானத்துக்கு, கடுக்காய் இறுகுவதற்கு என்றார் மேஸ்திரி.

கலவையை அரைக்கிறது ஒரு மோட்டார் இயந்திரம். அந்தக் காலத்தில் வட்டமான கல் தொட்டி, அதில் ஒரு கல் சக்கரம், அதைச் சுற்றிச் சுற்றி இழுக்க மாடு. சனிக்கிழமை பார்த்த சிறை மதில் நினைவுக்கு வந்தது. இந்த ஊரில் அந்தக் காலத்தில் எழும்பிய சுவர்களுக்கெல்லாம் இப்படி யாரோ, எதுவோ சுற்றியிருக்கிறது.

அரைத்த கலவையில் ஒரு கரண்டி அள்ளி, அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தார் மேஸ்திரி. விழவில்லை. "இது பூசலாம்." சித்தாள் பெண் சட்டியில் ஏந்திக்கொண்டு சாரத்தில் ஏறினார். பூசி, மணியாசுக் கட்டையால் தேய்த்து, அன்றைக்கே அடுத்த பூச்சுக்குப் போக முடியாது. சிமெண்டு தண்ணீர் குடித்து இறுகும். சுண்ணாம்பு காற்றைக் குடித்து இறுகும். சூளையில் சுடும்போது கல்லை விட்டுப் போன கரியமில வாயுவைக் காற்றிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக மறுபடியும் கல்லாகிறது. அதற்கு வாரக்கணக்கு, மாதக்கணக்கு ஆகும். அதுவரை வெயில் நேராக அடிக்காமல் ஈரச் சாக்கு கட்டி வைத்திருக்கிறார்கள்.

மச்சான் கடைசியில் தொழில்காரர் கேள்வியைக் கேட்டார்: சதுரத்துக்கு என்ன ரேட்? மேஸ்திரி சொன்ன தொகையைக் கேட்டு, "ரண்டு மடங்குக்கு மேல வருதுங்களே" என்றார். "ஆளு கெடைச்சா இன்னும் கொறைப்பனுங்க. எம்பட பசங்க ரண்டு பேருமே இந்த வேலைக்கு வரலை. நாலு ஆளுக்குச் சொல்லிக் குடுத்தன், மூணு பேரு டைல்ஸ் ஒட்டப் போயிட்டாங்க."

பழைய கட்டடம் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் நிதி வேண்டும், சட்டம் வேண்டும் என்கிறார்கள். இரண்டும் வேண்டும்தான். ஆனால் பணம் வந்து, உத்தரவும் வந்து, கரண்டி பிடிக்க இவர் மாதிரி ஆள் இல்லையென்றால் அந்தப் பணம் சிமெண்டாகத்தான் சுவரேறும். கொங்கு மண்ணில் எந்த மேட்டுக்காட்டைத் தோண்டினாலும் சுண்ணாம்பு சுடுகிற சுக்காங்கல் கிடைக்கும். ஊருக்கு ஊர் சுண்ணாம்புக் காளவாய் இருந்தது. மதுக்கரையில் மலை மலையாகச் சுண்ணாம்புக்கல் இருந்ததால்தான் 1930-களிலேயே அங்கே சிமெண்டு ஆலை வந்தது. அதற்கப்புறம் இந்தப் பக்கம் சுண்ணாம்பு என்றால் வெற்றிலைக்கும் வெள்ளையடிப்புக்கும் என்றாகிவிட்டது.

திரும்பும்போது நாட்டு மருந்துக் கடையில் காரை நிறுத்தச் சொல்லி மச்சான் அரைக் கிலோ கடுக்காய் வாங்கினார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

செவ்வாய், லாலி ரோடு

லாலி ரோடு என்பது மெட்ராஸ் கவர்னர் ஆர்தர் லாலி பேரில். சைதாப்பேட்டையில் இருந்த விவசாயக் கல்லூரியைக் கோவைக்குக் கொண்டுவந்து, 1909-ல் அவர் திறந்து வைத்த கட்டடம்தான் ஃப்ரீமன் கட்டடம். இன்றைய வேளாண் பல்கலைக்கழகத்தின் முகம். இந்தோ சாரசெனிக் பாணி, செந்நிறம், முன்னால் விரிந்த புல்வெளி. கல்யாண போட்டோ எடுக்கிறவர்களுக்குப் பிடித்த இடமாக இருக்கும்.

1912-ல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையமும் இந்த ஊரில்தான். பார்பர் என்ற ஆங்கிலேயரும் வெங்கட்ராமன் என்ற நம்மவரும் சேர்ந்து, நாட்டுக் கரும்போடு ஆற்றோரம் தானாக முளைக்கும் பேய்க்கரும்பைக் கலந்து கோ 205 என்ற ரகத்தை உண்டாக்கினார்கள். 1918-ல் அது பஞ்சாப் வரை போனது. 'கோ' என்றால் கோயமுத்தூர். உலகத்தின் எத்தனையோ கரும்புக் காடுகளில் இந்த ஊர்ப் பேரின் முதல் எழுத்து இருக்கிறது. கட்டடத்தைப் பார்க்கிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு பார்க்கலாம்.

வனக் கல்லூரி வளாகத்தில் காஸ் அருங்காட்சியகம். காஸ் என்பவர் வனப் பாதுகாவலர். 1902-ல் கவர்னர் ஆம்ப்தில் திறந்தது. யானை எலும்புக்கூட்டை விட்டுவிட்டு மச்சான் நேராக மரத் துண்டுகளிடம் போய்விட்டார். வேங்கை, தேக்கு, ஈட்டி என்று குறுக்கே அறுத்து வைத்திருக்கிற துண்டுகள். ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்துக்கொண்டே, எது எந்த வீட்டில் உத்திரமாகக் கிடந்தது என்று அவர் நினைவில் தேடிக்கொண்டிருந்தார். இவ்வளவு காலமும் பழைய வீடு இடிக்கும் வேலை எடுத்தால் மரத்தை எடைக்குப் போட்டு வந்தவர்.

புதன், கன்னேரிமுக்கு

மேட்டுப்பாளையத்தில் டீ, வர்க்கி. மலை ரயில் 1899-ல் குன்னூர் வரைக்கும், 1908-ல் ஊட்டி வரைக்கும் போனது. 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. டிக்கெட் கிடைக்காது என்று தெரியும், முயற்சியே செய்யவில்லை. கோத்தகிரி சாலையில் ஏறினோம்.

நீலகிரி கொங்கு நாடா என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 1868 வரை இந்த மலை கோயமுத்தூர் ஜில்லாவின் பகுதி. இங்கே முதல் பங்களா கட்டியதும் கோவைக் கலெக்டர்தான். 1818-ல் விஷ், கிண்டர்ஸ்லி என்ற இரண்டு உதவியாளர்கள் ஏறிப் பார்த்துவிட்டு வந்து, மேலே குளிர்கிறது என்றார்கள். மறு வருஷம் ஜனவரியில் கலெக்டர் ஜான் சல்லிவன் தானே ஏறினார். கோத்தகிரி பக்கம் கன்னேரிமுக்கு என்ற படுகர் ஊரில் வீடு கட்டினார். பெத்தக்கல் பங்களா.

அந்த வீடு வெகு காலம் பாழடைந்து, கூரை போய், குட்டிச்சுவராகக் கிடந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மாவட்ட நிர்வாகம் அதை எடுத்துப் பழுது பார்த்தது. இப்போது சல்லிவன் நினைவகம். உள்ளே நீலகிரியின் பழைய படங்கள், ஆவணங்கள், மலை மக்களின் வாழ்க்கை பற்றிய பொருட்கள். சுற்றுலாக் கூட்டம் இங்கே வருவதில்லை. நாங்கள் போனபோது பக்கத்து ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு கும்பல் இருந்தது. ஒரு பையன் படத்தில் தன் ஊர்ப் பேரைக் கண்டுபிடித்துக் கத்த, மற்றவர்கள் எல்லோரும் அங்கே ஓடினார்கள்.

எனக்கு இந்த வீட்டில் பிடித்தது அதன் அளவு. ஜில்லாவையே ஆண்டவருக்கு இவ்வளவுதான் வீடு. திருப்பூரில் இரண்டு வருஷம் ஏற்றுமதி நன்றாக ஓடினால் இதைவிடப் பெரிதாகக் கட்டிவிடுவார்கள் என்றேன். "கட்டறது நானுங்க, எனக்குத் தெரியாதா" என்றார் மச்சான். முழங்காலுக்குக் கீழே ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "பரவால்லீங்க, தண்ணி வடியறதுக்கு வழி பண்ணியிருக்கறாங்க" என்று சான்றிதழ் கொடுத்தார். மலையில் பழைய வீட்டுக்கு முதல் மருந்து அதுதான். மேட்டிலிருந்து இறங்கும் தண்ணீர் அஸ்திவாரத்தைத் தொடாமல் சுற்றிப் போக வேண்டும். சுவர் வேலையெல்லாம் அதற்குப் பிறகு.

வியாழன், ஊட்டி

மழை. ஊட்டியில் சல்லிவன் 1822-ல் கட்டத் தொடங்கிய கல் பங்களா, இப்போதைய அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. ஊட்டியின் முதல் ஐரோப்பிய வீடு. 1870-லிருந்து மெட்ராஸ் அரசாங்கமே வருஷா வருஷம் கோடைக்கு மூட்டை கட்டிக்கொண்டு இங்கே வந்துவிடும். கவர்னர், செயலாளர்கள், குமாஸ்தாக்கள், ஃபைல்கள் எல்லாம். கீழே தஞ்சாவூரிலும் கடப்பையிலும் பஞ்சமோ வெள்ளமோ, உத்தரவு இந்தக் குளிரிலிருந்துதான் போக வேண்டும். அதைத் திட்டி அந்தக் காலத்துப் பத்திரிகைகள் எழுதாமல் விடவில்லை. நியாயம்தான்.

நீலகிரி நூலகம் 1859-ல் ஆரம்பித்தது. இப்போதுள்ள கட்டடம் சிஷோம் வரைந்தது. மெட்ராஸில் செனட் ஹவுஸ் கட்டியவர். உயரமான ஜன்னல், உயரமான அலமாரி. உறுப்பினர்களுக்கான இடம் என்பதால் அது தன் வேலையைத் தான் பார்த்துக்கொண்டு ஆரோக்கியமாக இருக்கிறது.

மதியம் புனித ஸ்டீபன் சர்ச். 1829-ல் அஸ்திவாரம், 1830-ல் பிரதிஷ்டை. அன்றைய கவர்னர் ஸ்டீபன் லஷிங்டன். இதன் உத்திரங்களும் மரமும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் லால் மஹாலை இடித்து எடுத்தவை. அங்கிருந்து இந்த மலை மேல் வரை இழுத்து வந்திருக்கிறார்கள். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் கனத்த மரம், வேலைப்பாடு அதிகமில்லை, இருட்டேறிய நிறம். வெளியே கல்லறைத் தோட்டத்தில் சல்லிவனின் மனைவி ஹென்ரியட்டாவும் மகள் ஹாரியட்டும் இருக்கிறார்கள். இரண்டு பேரும் 1838-ல் இறந்தவர்கள்.

எனக்கு அந்த உத்திரத்தை வெறுமனே ரசிக்க முடியவில்லை. பழுது பார்ப்பது, பாதுகாப்பது என்று ஒரு வாரமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். தோற்றவனின் அரண்மனையைப் பாதுகாக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அதை மரக்கடையாக்கி, ஜெயித்தவனின் சர்ச்சைக் கட்டினார்கள். கொங்கு நாடு கைமாறியதும் அதே திப்பு விழுந்ததால்தான். இன்றைக்கு அந்தச் சர்ச்சைக் கவனமாகப் பார்த்துக்கொள்கிற சபைக்காரர்கள், திப்புவின் வீட்டில் மிஞ்சியதையும் சேர்த்துத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்கள் இல்லாவிட்டால் அந்த மரமும் எப்போதோ விறகாகியிருக்கும். இரண்டையும் ஒரே மூச்சில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மச்சானிடம் சொன்னேன்.

அவர் உத்திரம் சுவருக்குள் போகும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு தடவை பூட்டுன மரம். இவ்வளவு மழையில முனை எப்படி இருக்குதோ, யாராவது ஏறித் தட்டிப் பாக்கோணும்" என்றார். அங்கே இருந்த ஒரு பெரியவரிடம் போய் மேலே ஏற ஏணி இருக்கிறதா என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். அவர் சிரித்தாரே தவிர ஏணி கொடுக்கவில்லை.

நாளைக்கு இறங்குகிறோம். தாராபுரம் இந்தத் தடவை விட்டுப்போனது. தெற்குக் கச்சேரி இருந்த ஊரைப் பார்க்காமல் இதை முடித்ததாகச் சொல்ல முடியாது. அடுத்த மாதம் மச்சான் வீட்டுப் பக்கம் மூலனூரில் ஒரு கல்யாணம் இருக்கிறது. அந்தச் சாக்கில் போய்விட்டு வந்து எழுதுகிறேன்.